நீல ஒயரின் வளையம்

அப்பு,

செல்வி உன் வீட்டுக்குள் கால் வைத்ததும் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிரித்த உடனே மேலே படிக்காதே. போடியில் ரயில் ஏறி மதுரை, அங்கிருந்து சென்னை, அப்புறம் விமானம் மாறி விமானம் என்று உன்னைத் தேடி வந்திருக்கிறாள். முதலில் அவளை உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. பிறகு நீயும் எதிரே உட்கார்ந்து படி. இதைப் போனிலேயே சொல்லலாமே என்று உன் அம்மா கேட்டாள். போனில் சொன்னால் நீ “சரிப்பா, விடுங்க” என்பாய், நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிடுவேன். அப்படியே விட்டு விட்டுப் பழகியவன் நான். ஜீப்பு நம்பரையும் சாமான் பெயரையும் தவிர வேறு எதையும் எழுதாத கை இது. நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். வீடெல்லாம் காகிதக் குப்பை என்று உன் அம்மா சடைத்துக்கொள்கிறாள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சிவப்பு எஞ்சினைக் கெடுத்தது செல்வி இல்லை. நான்தான். நாலு மாதமாக அது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.

உனக்கும் செல்விக்கும் கல்யாணம் என்று நீ ஒரு மாத லீவில் வந்தபோது பட்டுப்புடவை வரும், வாட்ச் வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். நீ பெட்டியைத் திறந்து எடுத்ததெல்லாம் ரயில். விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி, அதில் வரிசையாக ஜன்னல், ஜன்னலுக்குள் சீட்டு. ஜப்பான்காரனுக்கு வேறு சோலி இல்லையா என்று நான் கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. மாடி அறையில் பிளைவுட் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, எனக்கு உட்கார்ந்து விளக்கினாய். தண்டவாளத்தில் எந்நேரமும் கரண்டு இருக்கும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகத்தளவு டீகோடர் ஒன்று இருக்கும், அதற்கு ஒரு நம்பர் உண்டு, கையிலிருக்கும் கருவியில் அந்த நம்பரைப் போட்டால் அந்த எஞ்சின் மட்டும் சொன்னதைக் கேட்கும், மற்றவை சும்மா நிற்கும் என்றாய். உன் அம்மா காபியோடு நின்று கேட்டுவிட்டு, “இந்த வீட்டுல ஒருத்தரக் கூப்பிட்டா ஒருத்தருமே வர்றதில்ல, இதுக்காச்சும் கூப்பிட்ட மரியாத இருக்கே” என்றாள். அன்று நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சிவப்பு டீசல் எஞ்சின் நீ ஜப்பானில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கியது என்றும் அன்றுதான் சொன்னாய்.

உன்னுடைய அந்த ஒரு மாதத்தில் செல்வி எப்படித்தான் அதைக் கற்றுக்கொண்டாளோ! போடி மெட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்த பெண். காலேஜ் லீவு நாளெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்தவள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கும் ஏழு மில்லிமீட்டர் காய்க்கும் வித்தியாசத்தை விரலாலேயே சொல்வாள். அந்த விரலுக்குத் தலைமுடி போன்ற ஒயர் ஒரு பொருட்டா? நீ புறப்பட்ட மறுவாரமே பெட்டிகளின் கூரையைக் கழற்றி, உள்ளே விளக்குப் பட்டையை ஒட்டி, சக்கரத்திலிருந்து கரண்டு எடுத்து, ஒயரை ஈயத்தால் சால்ட்ரிங் வைத்து இணைத்து, ஒவ்வொன்றாக எரியவிட ஆரம்பித்தாள். தினமும் நீங்கள் இருவரும் வீடியோவில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் என்ன பேசுவார்கள் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், “இந்த ரெசிஸ்டர் பத்துமா, இன்னும் கொஞ்சம் கூட்டவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நடுவில் இத்தனை கடல் இருந்தும் நீங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கும் உன் அம்மாவுக்கும் இத்தனை வருஷத்தில் அப்படிப் பேச ஒரு விஷயம் கிடைத்ததில்லை.

எஞ்சினை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போயிருந்தாய். “டீகோடர் மாட்டியாச்சு, மோட்டார் ஓடுது. லைட்டு ஒயரு மூணையும் மடிச்சு உள்ள வச்சிருக்கேன். வெள்ள, மஞ்ச, நீலம். அடுத்த லீவுல வந்து நானே மாட்டிக்கிறேன்.” நீ சொன்னதைச் செல்வி அப்படியே கேட்டாள். நான்தான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமை. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் ஜீப்புக்கு ஒயரிங் செய்தவன் நான். மெட்டு ஏறுகிற ஜீப்புகளில் பாதிக்கு இந்தக் கைதான் விளக்கு மாட்டியது. நேற்று வந்த பெண் பெட்டிப் பெட்டியாக விளக்கு எரிய வைக்கிறாள், என் மகன் அங்கிருந்து “சூப்பர், சூப்பர்” என்கிறான், என்னிடம் “அப்பா, பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்கிறான். பார்க்கிற ஆளாகவே என்னை உட்கார வைத்துவிட்டானே என்று இருந்தது.

பக்கத்து ஊர் சிலமலையில் ஒரு காதுகுத்து என்று செல்வியும் உன் அம்மாவும் போயிருந்த நாள். மத்தியானம் சாப்பிட்டதும் மாடிக்குப் போனேன். எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினேன். ஜீப்பில் எப்படிச் செய்வேன் என்று உனக்குத் தெரியும். விளக்குக்குப் போகிற கரண்டுக்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது. பல்பின் இன்னொரு முனையை பாடியில் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுத்து இறுக்கினால், இரும்பே கரண்டை பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடும். பாடி எர்த்து. இதையே இங்கேயும் செய்தேன். வெள்ளையை முன் விளக்குக்குக் கொடுத்தேன், மஞ்சளைப் பின் விளக்குக்கு. இரண்டு விளக்கின் மறுமுனையும் பாடிக்கு. கடைசியில் அந்த நீல ஒயர் மிஞ்சியது. மிஞ்சிய ஒயரைத் தொங்கவிட்டால் அவன் என்ன எலக்ட்ரீஷியன்? முனையைச் சீவி, வலது பக்கமாக ஒரு வளையம் சுற்றி, பாடி ஸ்க்ரூவில் போட்டு இறுக்கினேன். ஸ்க்ரூ திருகத் திருக வளையமும் சேர்ந்து இறுகும், அதுதான் என் கைவாகு. தண்டவாளத்தில் வைத்துக் கரண்டைக் கொடுத்தேன். ஒரு இழை புகை வந்தது. அவ்வளவுதான். அந்த வாடையை முகர்ந்ததுமே டீகோடர் கருகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. எரித்ததைக்கூட விவரம் தெரியாமல் செய்தேன். இதை விவரம் தெரிந்தே செய்தேன். விளக்குகளைப் பிரித்தெடுத்தேன். நீல ஒயரை ஸ்க்ரூவிலிருந்து உருவி, மூன்று ஒயரையும் நீ மடித்திருந்தபடியே மடித்து, கூட்டை மாட்டி, ஜன்னலைத் திறந்து வாடையை வெளியே அனுப்பிவிட்டுக் கீழே வந்து படுத்துக்கொண்டேன். அவர்கள் காதுகுத்துக் கறிச்சோறு கொண்டுவந்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாப் பெட்டியும் எரிகிறது, எஞ்சினில் கோத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று செல்வி ஆசை ஆசையாக உன்னை வீடியோவில் கூப்பிட்டாள். எஞ்சின் அசையவில்லை. இரண்டு முறை தூக்கி வைத்துப் பார்த்தாள். நீ அங்கிருந்து, “அதத் தொறந்தியா?” என்றாய். “இல்லியே” என்றாள். “சொல்லிட்டுத்தானே வந்தேன், அத மட்டும் தொடாதன்னு?” “நான் தொடல.” “பின்ன வீட்ல வேற யாரு சால்ட்ரிங் பிடிக்கிறது? அம்மாவா? அப்பா ஜீப்பத் தவிர எதையும் தொட மாட்டாரு.” அப்பு, நீ எனக்காகப் பரிந்து பேசினாய். நான் அந்த அறையிலேயே நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு இருந்தேன். செல்வி ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பினாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். “எல்லாத்தையும் அட்டைப்பெட்டில போட்டு மேல வச்சிரு, நான் வந்து பாத்துக்கிறேன்” என்று நீ போனை வைத்தாய்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. உங்கள் பேச்சே போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் “சாப்டியா, சாப்டேன், மழையா, இல்ல” என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டீர்கள். அவள் மாடிக்குப் போவதையே விட்டுவிட்டாள். காயப்போட்ட துணியை எடுக்கக்கூட உன் அம்மாதான் போனாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் திறந்தாள், திறந்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாள் என்று நீ நினைக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. “பொம்மை ரயிலுக்காடா ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க” என்று புலம்புவாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்திருப்பேன். பல் விளக்குவதற்குள் தைரியம் போய்விடும்.

இது எனக்கு முதல் தடவை இல்லை என்று உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக நாம் இருவரும் பேசாமல் வைத்திருக்கிற ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீ டிப்ளமோ இரண்டாம் வருஷ லீவில் வீட்டில் இருந்தாய். டிரைவர் பாண்டியின் ஜீப்புக்கு நான்தான் இரண்டு ஹெட்லைட்டும் புதிதாக மாட்டினேன். புதுப் பெயிண்ட் அடித்த பாடி. எர்த்து ஸ்க்ரூ போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் இரும்பில் சரியாகப் பிடிக்காது. அவசரம், சுரண்டாமல் போட்டுவிட்டேன். எஸ்டேட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு அவன் மெட்டு ஏறும்போது, மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, வளைவில் வைத்து இரண்டு விளக்கும் போய்விட்டன. சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தியிருக்கிறான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நம் ஒர்க்‌ஷாப்பு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி, “யாருண்ணே மாட்டுனது? வண்டி நெறைய பொம்பளயாளுக, அத்தன பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம்” என்று கத்தினான். நான் சொன்னேன், “பய மாட்டுனதுப்பா. லீவுல வந்திருக்கான், தெரியாமச் செஞ்சுட்டான். நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

நீ உள்ளே ஒரு பேட்டரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பாண்டி உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளையெல்லாம் கேட்டாய். கையிலிருந்த டெஸ்டரைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு நீ வரவே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் “சோலி இருக்குப்பா” என்பாய். படிப்பு முடிந்து சென்னை, சென்னையிலிருந்து ஜப்பான். மகன் பெரிய வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். நீ எதனால் அந்தப் படி ஏறுவதை நிறுத்தினாய் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கோழை, அப்பு. கைத்தொழிலில் பேர் எடுத்தவனுக்கு, தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு வராது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மேல் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தாய். இந்தத் தடவை செல்வி இருந்தாள்.

போன மாதம் அவளுக்கு விசா வந்தது. பெட்டி அடுக்கினாள். வத்தல், பொடி, ஏலக்காய், உனக்குப் பிடித்த முறுக்கு எல்லாம் வைத்தாள். ரயில் பெட்டிகளைக்கூடத் துணியில் சுற்றி வைத்தாள். எஞ்சினை மட்டும் எடுத்து அலமாரிக்குள் தள்ளினாள். “அது எதுக்கு ஆத்தா இங்க? கொண்டுபோய் அவன்ட்டக் குடு” என்றேன். “வேண்டாம் மாமா. அதப் பாத்தா அவருக்குத் திரும்பவும் கோவந்தான் வரும். அங்க போயி மொத நாளே எதுக்கு?” என்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து, “அத எரிச்சது நான் ஆத்தா” என்றேன்.

அவள் முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். “தெரியும் மாமா” என்றாள்.

“எப்பத் தெரியும்?”

“அவரு போனு வச்ச அன்னைக்கே தொறந்து பாத்தேன். நீல ஒயரு முனையில வளையம் இருந்துச்சு. நம்ம வீட்டுல மிக்ஸி பிளக்கு, சுவிட்சுப் போர்டு, எதக் கழத்துனாலும் அதே வளையந்தானே மாமா இருக்கு? மத்ததெல்லாம் மறைச்சீங்க, அத நிமித்தாம விட்டுட்டீங்க.”

“பெறகு ஏந்தாயி அவன்ட்டச் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்சு வரும் என்று நின்றேன், வரவில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். “நான் சொன்னா, மாமனார் மேல பழியப் போடுறான்னு ஆகும். அவரு நம்பலாம், நம்பாமப் போகலாம். ரெண்டுமே எனக்கு வேண்டாம். சாரமில்ல மாமா, இப்பச் சொல்லிட்டீங்கள்ல, எனக்கு மதி. அவருகிட்டச் சொல்லிருங்க.” மலைக்காரர்களுக்குப் போதும் என்பது மதி, பரவாயில்லை என்பது சாரமில்லை. உனக்கு இதற்குள் பழகியிருக்கும். எழுத வெட்கமாக இருக்கிறது, நான் அழுதுவிட்டேன். உன் அம்மா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். உன் அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

புது டீகோடரைச் செல்வியே போனில் தேடிச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். “சால்ட்ரிங் நீங்க வைங்க மாமா, ஒயர நான் பிடிக்கிறேன்” என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூவைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டாள். “இதுல பாடிப் பக்கமே போகக்கூடாது. தண்டவாளத்துக் கரண்டு பாடியிலதான் நிக்கிது. போன கரண்டு இந்த நீல ஒயரு வழியாத்தான் சுத்தி வரணும். ரெண்டு லைட்டுக்கும் இதுதான் பொது.” பாடிக்கும் ஒயருக்கும் நடுவில் மஞ்சள் டேப்பை வெட்டி ஒட்டினாள். முப்பத்தைந்து வருஷத் தொழில்காரன் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தேன். தண்டவாளத்தில் வைத்து நம்பரைப் போட்டாள். முன் விளக்கு மெல்ல எரிந்து, எஞ்சின் நகர்ந்தது. திருப்பி ஓட்டினாள், முன்னது அணைந்து பின்னது எரிந்தது. உன் அம்மா கை தட்டினாள். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

எஞ்சின் அவள் கைப்பையில், அவள் தாவணித் துணிக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கவருக்குள் ஒரு சின்னக் காகித மடிப்பு இருக்கும், தவறவிட்டுவிடாதே. கருகிப்போன பழைய டீகோடர் அது. நீல ஒயரின் முனையைப் பார். வலது பக்கமாகச் சுற்றிய வளையம். அது யார் கை என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீ ஒரு தடவை அங்கிருந்து “கூட்டைத் திறந்து கேமராவில் காட்டு” என்று கேட்டிருந்தால் உனக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. இதை உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, அந்த யோக்கியதை எனக்குக் கிடையாது. வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆச்சு என்று முதலில் கேள். யார் என்று முதலில் கேட்கிற வீட்டில் என்னைப் போன்ற ஆட்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

போன வாரம் பாண்டியைத் தேடிப் போனேன். இப்போது ஜீப்பு ஓட்டுவதில்லை, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கிறான். “அன்னைக்கு ஒன் வண்டிக்கு லைட்டு மாட்டுனது நான்ப்பா, எம் மகன் இல்ல” என்றேன். “எந்த லைட்டுண்ணே?” என்றான். முழுக் கதையையும் சொன்ன பிறகும் அவனுக்கு நினைவு வரவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு, “அதுக்கா இந்த வெயில்ல வந்தீரு?” என்று சிரித்தான். திட்டியவன் மறந்துவிட்டான். திட்டு வாங்கியவன் மறந்திருக்க மாட்டாய். அந்த விளக்கை நீ மாட்டவில்லை, அப்பு. நான்தான் மாட்டினேன். உன் மேல் போட்டதற்கு என்னை மன்னித்துவிடு. இந்த ஒரு வரிக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. நாளைக்குப் போடு, இல்லை, மனசு ஆறிய பிறகு போடு. இப்போது நிமிர்ந்து எதிரே பார். நீ கொடுத்த தண்ணீரை அவள் எப்போதோ குடித்து முடித்திருப்பாள், நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்து போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடு. எனக்குப் பதினோரு வருஷம் ஆன அந்த ஒரு வரியை, அவள் அதைக் குடித்து முடிப்பதற்குள் நீ சொல்லிவிடு.

உன் அப்பா